மோட்டார்ஹோமுக்குத் தண்ணீர் பிடிக்க எந்த ஹோஸ் வாங்குவது?

பிரிட்டனில் முதல்முறை மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துப் பயணம் போகும் வண்டி, வாங்குபவர்கள் கேஸ், பேட்டரி, கழிப்பறை கேசட் (கழிவு சேரும், கழற்றிக் கொட்டும் பெட்டி) என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். தண்ணீர் பிடிக்கிற ஹோஸ் மட்டும் யார் நினைவுக்கும் வராது. தோட்டத்தில் கிடக்கும் பச்சை ஹோஸைச் சுருட்டி வண்டிக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் வரும், டேங்கும் நிறையும். மறுநாள் காலையில் டீயை வாயில் வைக்கும்போதுதான் டெட்டால் மாதிரி ஒரு வாடை அடிக்கும்.

குழாய்த் தண்ணீரில் கிருமி சேராமல் இருக்க இங்கே கொஞ்சம் குளோரின் விடுகிறார்கள். லிட்டருக்கு அரை மில்லிகிராம், பெரும்பாலும் அதற்கும் குறைவு. அது தனியாக இருக்கும்வரை பலருக்கு நாக்கில் தெரிவதே இல்லை. சாதாரண ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் ஃபீனால் வகைப் பொருள் ஏதாவது இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும். இது துளியூண்டு இருந்தாலே போதும், மருந்துக்கடை வாசம் வந்துவிடும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சூடாகக் குடிக்கும்போதுதான் இன்னும் தூக்கலாகத் தெரியும். வாஷிங் மெஷினுக்குப் போகும் ரப்பர் ஹோஸால் சமையலறைத் தண்ணீரில் இதே வாடை வருவதும் உண்டு.

ஆகவே குடிநீருக்கென்றே செய்த ஹோஸ்தான் வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் படி: வண்டியைச் சுற்றி வாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் தண்ணீர் ஊற்றும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அது ஓட்டுநர் பக்கம் இருந்து, குழாய் மறுபக்கம் இருந்தால் ஹோஸ் வண்டியைச் சுற்றித்தான் வர வேண்டும். ஆறேழு மீட்டர் அதிலேயே போய்விடும். பக்கத்திலேயே டீசல் மூடியும் இருக்கலாம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வண்டிகள் நிறைய உண்டு. தண்ணீர் மூடி பெரும்பாலும் நீலமாக இருக்கும், அல்லது குழாய்ப் படம் போட்டிருக்கும். டீசல் டேங்குக்குள் தண்ணீர் போய்விட்டால் அந்த விடுமுறை அத்தோடு முடிந்தது. மூடியைத் திறந்ததும் ஒருமுறை மோந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டேங்கின் கொள்ளளவையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய கேம்பர் வேன் என்றால் 40 முதல் 70 லிட்டர் வரை இருக்கும். பெரிய மோட்டார்ஹோம் என்றால் சுமார் 100 லிட்டர். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. நிறைய வண்டிகளுக்கு மொத்த எடை வரம்பு 3,500 கிலோ என்பதால், முழு டேங்கோடு நெடுந்தூரம் ஓட்டுவது நல்லதல்ல. இது ஹோஸ் விஷயம் இல்லைதான், ஆனால் இங்கே சொல்லாமல் விட்டால் வேறு எங்கே சொல்வது?

இரண்டாம் படி: நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் படியுங்கள்

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். பிரிட்டனில் மண்ணுக்கடியில் போகும் குடிநீர்க் குழாய்கள் நீல நிறம். அதனால் நீல ஹோஸ் என்றாலே குடிநீர் ஹோஸ் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. குடிநீர் ஹோஸ்கள் பெரும்பாலும் நீலமாக வருவது உண்மைதான். ஆனால் நீலமாக இருப்பதெல்லாம் குடிநீர் ஹோஸ் இல்லை. சாதாரணத் தோட்டத்து ஹோஸையும் நீலத்தில் விற்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

ஹோஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். நீளவாக்கில் பொடி எழுத்தில் ஏதாவது அச்சிட்டிருக்கும். ஒரு மீட்டருக்கு ஒருமுறை அதே வரி திரும்ப வரும். தேட வேண்டியவை: பிஎஸ் 6920 (BS 6920) என்ற பிரிட்டிஷ் தர எண், அல்லது குடிநீர்ப் பொருள்களுக்குச் சான்று தரும் பிரிட்டிஷ் அமைப்பான டபிள்யூஆர்ஏஎஸ் (WRAS) என்ற எழுத்துகள். ஜெர்மன் தயாரிப்பு என்றால் அந்த நாட்டுக் குடிநீர்ச் சான்றான கேடிடபிள்யூ (KTW) என்று இருக்கும். வெறும் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட படம் மட்டும் இருந்தால், அது உணவுப் பொருள் படலாம் என்பதற்கான அடையாளம்.

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கடைக்காரர் ‘ஃபுட் கிரேடுதான்’ என்று சொன்னதும் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். ஒரு ஹோஸ் வழியாகப் பாலோ ஒயினோ போகலாம் என்பதால் குளோரின் கலந்த தண்ணீர் அதில் வாடை பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. பிஎஸ் 6920 சோதனை குடிநீருக்கென்றே வைத்தது. தண்ணீரின் மணமும் சுவையும் மாறுகிறதா, நிறம் மாறுகிறதா, நுண்ணுயிர் வளர இடம் கொடுக்கிறதா, உலோகமோ வேறு தீங்கான பொருளோ கரைந்து இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுவைச் சோதனையைக் குளோரின் கலந்த தண்ணீரிலும் செய்வார்கள். அந்த எண் அச்சிட்ட ஹோஸ் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கோப்பை, முள்கரண்டிப் படம் போட்டது இரண்டாம் பட்சம். இரண்டுமே இல்லை, அட்டையில் ‘பாதுகாப்பானது’ என்று மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறது என்றால் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

உள்ளே ஒளி புகாத ஹோஸாக இருப்பதும் முக்கியம். கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸில் வெயில் பட்டால் உட்பக்கம் பச்சைப் பாசி பிடிக்கும்.

மூன்றாம் படி: உருண்டையா, தட்டையா, நீள்வதா?

உள்ளே நூல் பின்னிய உருண்டை ஹோஸ் கொஞ்சம் தடியாக இருக்கும், இடத்தை அடைக்கும். ஆனால் மடங்கி அடைத்துக்கொள்ளாது, தண்ணீர் சுலபமாக வடிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

தட்டை ஹோஸ் சிறிய சக்கரத்தில் சுற்றி வரும். அலமாரியில் அடக்கமாக உட்காரும் என்பதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் முழுவதையும் உருவி வெளியே போட்டால்தான் தண்ணீரே வரும். மூன்று மீட்டர் போதும் என்றாலும் முழு நீளத்தையும் இழுக்க வேண்டும். சுருட்டும்போது இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு உள்ளே ஈரம் தங்கிவிடும். தண்ணீர் விட்டதும் மூன்று மடங்கு நீள்கிறதே, அந்த ரகம் தோட்டத்தோடு நிற்கட்டும். அதன் உள்குழாய் பெரும்பாலும் லேடெக்ஸ். குடிநீருக்கு என்று சான்று உள்ளதைக் காண்பது அரிது.

நான்காம் படி: நீளமும் உள்விட்டமும்

உள்விட்டம் அரை இஞ்ச், அதாவது 12.5 மில்லிமீட்டர் போதும். அதற்குக் குறைந்தால் நேரம் இழுக்கும். முகாமில் உங்களுக்குப் பின்னால் இரண்டு வண்டி காத்திருக்கும்போது அந்த நேரத்தின் அருமை தெரியும். காசோ டோக்கனோ போட்டால் குறிப்பிட்ட நேரம் மட்டும் தண்ணீர் விடும் இயந்திரங்கள் பிரான்ஸ் பக்கம் உண்டு. அங்கேயும் மெல்லிய ஹோஸ் காசைத் தின்றுவிடும். உங்கள் ஹோஸின் வேகம் தெரிய வேண்டுமா? 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்றால் 100 லிட்டருக்குப் பத்து நிமிடம்.

நீளத்தில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. 20 மீட்டர் ஒரே துண்டாக வாங்காதீர்கள். 5 மீட்டரில் ஒன்று, 10 மீட்டரில் ஒன்று, நடுவே சேர்க்க ஓர் இணைப்பு. மோட்டார்ஹோம்களுக்கென்று குழாய் வைத்த இடங்களில் வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்தலாம். 5 மீட்டர் துண்டு மட்டும் போதும். கழுவவும் வடிக்கவும் அதுதான் சுலபம். 15 மீட்டருக்கும் எட்டாத குழாய் என்றால், பூச்செடிக்கு ஊற்றும் 10 லிட்டர் பூவாளி ஒன்றைக் குடிநீருக்கென்றே வைத்துக்கொண்டு நாலு நடை நடப்பது மேல்.

ஐந்தாம் படி: குழாயோடு பொருந்த வேண்டுமே

ஹோஸ் நன்றாக இருந்தும் குழாயில் மாட்ட முடியாமல் நிற்பவர்கள்தான் அதிகம். பெயரில் உள்ள இஞ்சும் மரையின் வெளிவிட்டமும் ஒன்றல்ல. மூன்று வெளிவிட்ட அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அரை இஞ்ச் மரைக்கு 21 மில்லிமீட்டர், முக்கால் இஞ்சுக்கு 26.5, ஒரு இஞ்சுக்கு 33.3. குழப்பம் எங்கே என்றால், பிரிட்டனில் வாசலில் இருக்கும் குழாயை ‘அரை இஞ்ச் குழாய்’ என்று விற்பார்கள். அந்த அரை இஞ்ச் பின்னால் சுவருக்குள் போகும் பக்கத்தின் அளவு. ஹோஸ் மாட்டும் மூக்கின் மரை முக்கால் இஞ்ச். ஆகவே பெயரைக் கேட்டு அரை இஞ்ச் இணைப்பு வாங்கினால் பொருந்தாது. மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டால் ஐரோப்பா முழுக்கச் சமாளிக்கலாம். மரையே இல்லாத மொட்டைக் குழாய்க்கு, ரப்பர் வாயும் இறுக்கும் கிளிப்பும் உள்ள இணைப்பு ஒன்று.

ஹோஸ்லாக் மாதிரி ‘கிளிக்’ என்று மாட்டும் இணைப்புகளே போதும். கார்டேனா போன்றவையும் பொதுவாக அதோடு சேரும். குழாய் இணைப்பின் உள்ளே ஒரு கறுப்பு வாஷர் இருக்கும். கழற்றும்போது அது சத்தமில்லாமல் புல்லில் விழுந்துவிடும். அடுத்த ஊரில் மாட்டினால் சட்டை முழுக்கத் தண்ணீர். இரண்டு வாஷர் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸின் மறுமுனையில் சிறிய அடைப்பான் ஒன்று இருந்தால், டேங்க் நிறைந்ததும் குழாய்க்கு ஓட வேண்டியதில்லை.

ஆறாம் படி: பிடிக்கும் முறை

முகாமில் கழிப்பறை கேசட்டைக் கொட்டும் இடத்திலும் ஒரு குழாய் இருக்கும், சில சமயம் ஹோஸோடு. அந்தப் பக்கமே போகாதீர்கள். அது கேசட் கழுவ. குடிநீர் என்று பலகை உள்ள குழாயிலும் முந்தின ஆள் எதை மாட்டினாரோ தெரியாது. மூக்கைக் கிருமிநாசினி தெளித்துத் துடையுங்கள். கொஞ்சம் தண்ணீரை வெறுமனே ஓட விடுங்கள். அப்புறம் ஹோஸை மாட்டி, அதன் வழியாகவும் சில விநாடி தரையில் விட்டுவிட்டு டேங்கில் விடுங்கள்.

குழாயை முழு வேகத்தில் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல், தண்ணீர் குபுக் குபுக்கென்று வாய் வழியே திரும்பி வரும். டேங்க் நிறைந்துவிட்டது என்று ஏமாந்துவிடுவோம். பாதி வேகம் போதும். இதே காரணத்துக்காக, வாயை இறுக்கி மூடி ஹோஸை நேரே பூட்டிவிடும் மூடிகளில் எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை. காற்றுப் போகும் துளை சிறியதாக இருந்து, குழாய் அழுத்தமும் பலமாக இருந்தால் டேங்கே உப்பிவிடும். ஹோஸ் முனை டேங்குத் தண்ணீருக்குள் மூழ்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால் டேங்கில் இருப்பது பின்னோக்கி இழுபடலாம். வீட்டு வாசலில் பிடிப்பவர்கள் இதற்கான தடுப்பு வால்வு தங்கள் குழாயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999-இன் குடிநீர்ப் பொருத்து விதிகள் அதைக் கேட்கின்றன.

ஏழாம் படி: வடித்து வையுங்கள்

ஒரு முனையை உயரப் பிடித்து, கை மாற்றி மாற்றிக் கடைசிவரை வடியுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று மாட்டிவிட்டால் பூச்சியும் மண்ணும் போகாது. தேங்கிய தண்ணீர் 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் இருந்தால் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி பெருகும்; கோடையில் வண்டியின் வெளிப்பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். பருவம் தொடங்கும்போது, குழந்தைகளின் பால் புட்டிக்குப் போடும் மில்டன் மாத்திரையை 5 லிட்டருக்கு ஒன்று வீதம் கரைத்து, ஹோஸில் நிரப்பிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவிவிடலாம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் சாவி வாங்கும்போதே ஹோஸை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தைப் படியுங்கள், முனையை மோந்து பாருங்கள், எத்தனை இணைப்பு இருக்கிறது என்று எண்ணுங்கள். சந்தேகமாக இருந்தால் உங்களுடைய 5 மீட்டர் துண்டை எடுத்துப் போய்விடுங்கள். ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும்.