‘கோயில்’ என்ற சொல்லின் பழைய வீட்டைத் தேடிப் போவது எப்படி

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. கும்பாபிஷேக மலர், தேவாலய வெள்ளிவிழா மலர், ஆடித் திருவிழா நோட்டீஸ் என்று என் மேசைக்கு வரும் தாள்களில் ‘கோயில்’ இல்லாத தாள் அபூர்வம். மலர்க்குழுவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: “கோயிலா, கோவிலா, எது சரி?” அதற்குப் பதில் சொல்வது எளிது, பிறகு சொல்கிறேன். எனக்கு வருத்தம் தருவது வேறு. தல வரலாற்றின் முதல் பத்தியில் “கோ என்றால் இறைவன், இல் என்றால் வீடு” என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரிக்கு அடியில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான கதை புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். பொறுமையும் ஒரு நோட்டும் போதும். நான் எப்படித் தேடினேனோ அதையே வழியாகச் சொல்கிறேன். ‘கோயில்’ இருக்கும் இடத்தில் நீங்கள் வேறு சொல்லையும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அகராதியைத் திறக்காதீர்கள். இன்று அந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று காதில் விழுந்தபடி எழுதுங்கள். என் நோட்டில் இருப்பவை: ‘கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்’, ‘கோயில் காளை’, ‘வீட்டைக் கோயிலாட்டம் வச்சிருக்கா’, ‘மாதா கோயில்’, ‘வேதக்கோயில்’, அறநிலையத்துறைப் பலகைகளில் வரும் ‘அருள்மிகு… திருக்கோயில்’, திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளும் ‘கோயில்பிள்ளை’ என்ற பெயர். கோயில் என்பது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய சொல் இல்லை என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். அகராதியை முதலில் பார்த்துவிட்டால், அது சொல்வதை மட்டுமே காது தேட ஆரம்பித்துவிடும்.

அப்புறம் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இப்போது இணையத்தில் இலவசமாகவே தேடலாம். பலர் அதில் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுருக்கமாக ஒரு நூற்பெயரும் எண்ணும் இருக்கும். புறப்பாட்டு எண், சிலப்பதிகாரத்தில் காதையும் வரியும் என்று. உங்களுக்கு வேண்டியது அதுதான். பொருள் என்பது தொகுத்தவர்களின் முடிவு. அந்த எண்தான் சொல் உண்மையில் நிற்கும் இடத்துக்குப் போகும் வழி. கூடவே க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அகராதியில் இருந்து, தற்கால அகராதியில் காணாமல் போன பொருள் எது என்று பார்த்தால், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது புரிந்துவிடும். கோயிலுக்கு அப்படிக் காணாமல் போன பொருள், அரண்மனை.

இனி அந்த வரிகளுக்கே போக வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது. சொல் இருக்கும் ஒற்றை வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மேலே ஐந்தாறு வரி, கீழே ஐந்தாறு வரி சேர்த்துப் படியுங்கள். சொல்லின் பொருளைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள்.

புறநானூற்று 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலிடம் பேசுகிறார். குமரித் துறையில் அயிரை மேய்ந்துவிட்டு வடக்கே மலைக்குப் போகிறாயானால், வழியில் சோழநாட்டுக் கோழியூரில், அதாவது உறையூரில், உயர்ந்த மாடத்தில் பெடையோடு கொஞ்சம் இளைப்பாறு. பிறகு ‘வாயில் விடாது கோயில் புக்கு’, எம் பெருங்கோக் கிள்ளி கேட்கும்படி, நான் ஆந்தையின் அடியவன் என்று சொல். உன் பெடை அணிய நல்ல அணிகலன் தருவான் என்கிறார். ‘கோயில் புக்கு’ என்பதை இன்றைய காதோடு கேட்டால் அன்னம் சாமி கும்பிடப் போகிறது என்று தோன்றும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் பாருங்கள். முன்னால் வாயில் இருக்கிறது. வாயில்காவலனிடம் சொல்லிக்கொண்டு நிற்காமல் நேரே உள்ளே போ என்கிறார் புலவர். உள்ளே இருப்பவன் கோப்பெருஞ்சோழன். இது அரண்மனை, சந்தேகமே இல்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலும் இதே காட்சி, கனல் தெறிக்கும் வடிவில். ஒற்றைச் சிலம்போடு கண்ணகி வாசலில் நிற்கிறாள். காவலன் உள்ளே போய்ச் சொல்கிறான். அழைத்துவரச் சொல்கிறான் பாண்டியன். ‘வாயில் வந்து கோயில் காட்டக் கோயில் மன்னனைக் குறுகினள் சென்றுழி’ என்கிறார் இளங்கோ. வாயில்காவலன் வந்து கோயிலைக் காட்டினான், கோயிலில் இருந்த மன்னனிடம் அவள் போனாள். அடுத்தடுத்து இரண்டு முறை ‘கோயில்’. இரண்டும் பாண்டியன் வீடு.

சரி, ஆரம்பத்தில் அரண்மனை, பின்னால் ஆலயம், கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதே சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையைத் திறந்து முதல் பன்னிரண்டு வரிகளைப் படியுங்கள். மதுரையில் விடிகிறது. முரசுகள் முழங்குகின்றன. எங்கிருந்தெல்லாம் என்று ஒரு பட்டியல் வருகிறது:

நுதல்விழி நாட்டத்து இறையோன் கோயிலும்
உவணச் சேவல் உயர்த்தோன் நியமமும்
மேழிவலன் உயர்த்த வெள்ளை நகரமும்
கோழிச் சேவற் கொடியோன் கோட்டமும்
அறத்துறை விளங்கிய அறவோர் பள்ளியும்
மறத்துறை விளங்கிய மன்னவன் கோயிலும்

எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லின் வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆறு வரிகள் கிடையாது. சிவனுக்குக் கோயில், திருமாலுக்கு நியமம், பலராமனுக்கு நகரம், முருகனுக்குக் கோட்டம், அறவோருக்குப் பள்ளி, கடைசியில் மன்னனுக்கும் கோயில். முதல் வரியில் ஆலயம், ஆறாவது வரியில் அரண்மனை, ஒரே சொல். படிக்கிறவர் குழம்புவார் என்ற கவலையே இளங்கோவுக்கு இல்லை. இரண்டு பொருளும் ஒரே ஊரில், ஒரே விடியலில், பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்திருக்கின்றன.

தெய்வம் உறையும் இடத்துக்கு அன்று ‘கோயில்’ மட்டும் பெயராக இல்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைத் தேடும்போது, அந்த வேலையை அதோடு சேர்ந்து செய்துகொண்டிருந்த மற்ற சொற்களையும் தேட வேண்டும். அவை எங்கே போயின என்று பாருங்கள். நகரம் இன்று ஊரின் வகை. கோட்டம் வருவாய்த்துறையின் ஒரு பிரிவாகிவிட்டது. ஆனால் காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆலயம் என்றே பொருள்படும் தளி என்ற சொல்லும் அதே ஊரில் ஓணகாந்தன்தளி என்ற பாடல்பெற்ற தலத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொது வழக்கில் கோயில் மட்டும் நின்று, மற்றவை ஒதுங்கின. அப்பர் காலத்திலேயே அதன் கை ஓங்கியிருந்தது தெரிகிறது. ஆறாம் திருமுறையில் அடைவுத் திருத்தாண்டகத்தில் பெருங்கோயில் எழுபத்தெட்டு என்று சொல்லிவிட்டு, கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று வகைவகையாக அடுக்குகிறார்.

நூலோடு நிறுத்தாதீர்கள், கல்லுக்கும் போங்கள். பாட்டில் எதுகைக்காகப் பழைய சொல்லை எடுத்து வைத்திருக்கலாம். கல்வெட்டு என்பது அரசாங்க ஆவணம், அன்றாட நிர்வாக மொழி. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. இரண்டாம் தொகுதியைத் திறந்தால் முதல் கல்வெட்டே தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடிப்பகுதியில் வெட்டப்பட்டதுதான். முதலாம் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். அதாவது 1010ஐ ஒட்டிய காலம். ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்ற புகழ்பெற்ற வாசகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலர்களில் அதை எடுத்துப் போடாதவர்கள் இல்லை. அதற்குச் சற்று முன்னால் வரும் பகுதியை யாரும் எடுத்துப் போடுவதில்லை. அங்கேதான் நம் சொல் இருக்கிறது: உடையார் ஸ்ரீராஜராஜதேவர் ‘தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால்’ இருமடிசோழன் என்ற மண்டபத்துக்குக் கிழக்கே இருந்த திருமஞ்சன சாலையில் இருந்தபோது இந்த உத்தரவைச் சொன்னார் என்று கல் சொல்கிறது. எடுத்த எடுப்பில் பெரிய கோயிலுக்குள் இருந்து சொன்னார் என்றுதான் படிப்போம். ஆனால் கட்டிய ஆலயத்துக்கு அந்த உத்தரவு தரும் பெயர் வேறு: ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரம்’. நாம் இன்று பெரிய கோயில் என்பது அவன் வாக்கில் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய தளி. ‘கோயில்’ அவன் குடியிருந்த அரண்மனை.

இந்தக் கல்வெட்டை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அரசன் ‘உடையார்’. ராஜராஜீஸ்வரத்துச் சிவனும் ‘உடையார்’. இன்று திருமஞ்சனம் என்றால் சாமிக்கு நடப்பது. அன்று அரசனின் குளியலிடமும் திருமஞ்சன சாலை. கோயில் தனியாக இடம் மாறவில்லை, ஒரு குடும்பமே சேர்ந்து மாறியிருக்கிறது. திருப்பள்ளியெழுச்சி, குடை, சாமரம், உலா எல்லாம் மன்னனுக்கும் தெய்வத்துக்கும் பொதுவாக இருந்தவை. இறைவன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறளில் ‘இறைமாட்சி’ என்ற அதிகாரம் அரசனைப் பற்றியது. கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்றால் வரி இல்லாத நிலம். பெருமாள், சேர மன்னர்களுக்கும் பெயர். ஆண்டவன் என்பதற்குள்ளேயே ஆட்சி இருக்கிறது. அரசர்கள் போய்விட்டார்கள். அவர்களோடு பங்குபோட்ட சொற்கள் தெய்வத்திடம் மட்டும் தங்கிவிட்டன. ஆகவே ஒரு சொல் பொருள் மாறியது தெரிந்தால், அதன் பக்கத்துச் சொற்களும் அதே பாதையில் நடந்தனவா என்று கட்டாயம் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த வேலையிலேயே ரொம்பப் பலன் தரும் படி இதுதான்.

அடுத்தது, உறவு மொழிகள். தமிழில் அடங்கிப்போன பொருள் பக்கத்து மொழியில் மிஞ்சியிருக்கும். மலையாளத்தில் ஆலயத்துக்கு அம்பலம், க்ஷேத்திரம் என்பார்கள். அரச குடும்பத்தார் வாழ்ந்த மாளிகைக்கோ ‘கோவிலகம்’ என்று பெயர். நிலம்பூர்க் கோவிலகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மண உறவு கொண்டவர்கள் ‘கோயில் தம்புரான்’. தெலுங்கில் ‘கோவெல’ ஆலயம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (முதல் பதிப்பு 1961) இப்படி உறவுச் சொற்களை ஓரிடத்தில் வைத்திருக்கிறது.

சொல் விரிவது ஒரு பக்கம். சில வட்டங்களுக்குள் அது சுருங்கியும் இருக்கிறது. சைவர்களுக்கு அடைமொழி இல்லாமல் ‘கோயில்’ என்றால் சிதம்பரம். உமாபதி சிவாசாரியார் எழுதிய கோயிற்புராணம் தில்லையைப் பற்றியது. வைணவர்களுக்கு அதே சொல் திருவரங்கம். ‘கோயிலொழுகு’ அந்த ஊரின் வரலாறு. ஆகவே நூல் தலைப்பில் கோயில் என்று கண்டால், எழுதியவர் எந்த மரபில் வந்தவர் என்று பார்த்துவிட்டுத்தான் ஊரை முடிவுசெய்ய வேண்டும்.

எழுத்து விஷயம். நன்னூலின் உடம்படுமெய் விதிப்படி, இ, ஈ, ஐ தவிர்த்த மற்ற உயிர்களுக்குப் பின் வகரம் வரும், ஏகாரத்துக்குப் பின் இரண்டும் வரலாம். அப்படிப் பார்த்தால் கோ + இல் ‘கோவில்’ ஆகும். ஆனால் மேலே காட்டிய பழைய வரிகளிலும் கல்லிலும் ‘கோயில்’தான். இரண்டும் வழக்கில் நிலைத்தவை. நான் இரண்டையும் திருத்துவதில்லை. ஒரு மலருக்குள் ஒன்றே இருக்க வேண்டும் என்று மட்டும் வற்புறுத்துவேன்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லும் ஆசை. ‘கோ’வுக்கு அகராதியில் பசு, வானம், அம்பு என்று இன்னும் பல பொருள் உண்டு. பிடித்ததை எடுத்து ஒட்ட வைத்தால் எந்தக் கதையும் சொல்லலாம். வரி சாட்சி சொல்லாத பிரிப்பை எழுதாதீர்கள். இரண்டு, ஒற்றை வரியை நம்புவது. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார்ப் பட்டியலில் ‘மாலை வெண்குடை மன்னவன் கோயிலும்’ என்று வருகிறது. மதுரைப் பட்டியலைப் படித்த சூட்டில் இதுவும் அரண்மனை என்று குறித்துவிடத் தோன்றும். சுற்றிலும் இருப்பவர்கள் சிவன், முருகன், பலராமன், திருமால். உரைகள் இந்த மன்னவனை இந்திரன் என்கின்றன. விழாவும் அவனுக்குத்தான். உரையில்லாமல் மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வரவேண்டாம்.

கிடைத்ததை எழுதும்போது ஒவ்வொரு சான்றுக்கும் நூல், பாட்டு எண் அல்லது காதையும் வரியும், நீங்கள் பார்த்த பதிப்பு ஆகிய மூன்றையும் குறியுங்கள். கல்வெட்டானால் தொகுதியும் எண்ணும் ஆட்சியாண்டும். சிலப்பதிகாரத்தின் காலத்தில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே நூல்களுக்கு நூற்றாண்டு போட்டுச் சிக்கிக்கொள்வதைவிட, எது முந்தியது எது பிந்தியது என்று வரிசை மட்டும் போடுங்கள். கல்வெட்டுக்குத் தைரியமாக ஆண்டு போடலாம். முடித்ததும், மேலே உள்ள ஆறு வரிகளில் ஐந்தாவதில் இருக்கும் ‘பள்ளி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியறை, பள்ளிச்சந்தம், திருச்சிராப்பள்ளி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று அதற்கும் ஒரு நோட்டு நிறைய வேலை இருக்கிறது.