செங்டூ: சிக்கனம் பிடிக்கக் கூடாத இடங்கள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டூ, கையைக் கடிக்காத ஊர். மெட்ரோ கட்டணம் 2 யுவானில் தொடங்குகிறது. சந்துக் கடை நூடுல்ஸும் மலிவுதான். பட்ஜெட் பயணிகள் இங்கே அல்லாடுவது, மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிப்பதால்தான்.

முதல் தவறு டேட்டா. ஏர்போர்ட் வைஃபையை நம்பிப் போகாதீர்கள். ஜிமெயில், வாட்ஸ்அப், கூகுள் மேப்ஸ் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. நம் சிம்மின் ரோமிங்கிலோ, பயணிகளுக்கான இ-சிம்மிலோ பெரும்பாலும் திறக்கும். போனில் பணம் கட்டும் சீனச் செயலியான அலிபேயை ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்து, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். அங்கே போய் ஓடிபிக்காகக் காத்து நிற்பது கொடுமை. சட்டப்படி ரொக்கம் செல்லும்தான். ஆனால் 100 யுவான் தாளை நீட்டினால் சின்னக் கடைக்காரர் சில்லறைக்குத் திண்டாடுவார்.

அறை வாடகையை மிச்சம் பிடிக்க நண்பர் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். மிக மலிவான சில விடுதிகள் வெளிநாட்டவர் என்றதுமே கைவிரிக்கும். முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஹாட்பாட், அதாவது மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் இறைச்சி, காய்கறிகளைப் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது. "காரம் நமக்குப் புதுசா?" என்ற மிதப்பு முதல் வாயிலேயே இறங்கிவிடும். சிச்சுவான் மிளகு எரிப்பதில்லை, நாக்கை மரத்துப்போக வைக்கிறது. தண்ணீர் குடித்துப் பயனில்லை. பக்கத்தில் தரும் நல்லெண்ணெய், பூண்டுக் கிண்ணத்தில் தோய்த்துச் சாப்பிட்டால் ஓரளவு அடங்கும். அந்தச் சிவப்புக் குழம்பைச் சாம்பார்போலச் சோற்றில் ஊற்றிப் பிசையாதீர்கள், அது குடிப்பதற்கானதே அல்ல. அதன் அடிப்படை பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு. காய்கறி மட்டும் போட்டாலும் சைவமாகாது. மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டி உணவிலும் கொத்துக்கறி உண்டு. சைவர்களுக்கு என் பரிந்துரை வென்ஷு மடாலயத்தின் சைவ உணவகம்.

ஊரைச் சுற்றிப் பார்க்கும் அவசரத்தில் பலர் மக்கள் பூங்காவிலுள்ள ஹெமிங் தேநீரகத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். 1923இலிருந்து இருக்கும் இடம். மூடி போட்ட கோப்பையில் ஒரு தேநீர் வாங்கினால், வெந்நீர் ஊற்றி ஊற்றி மத்தியானம் முழுக்க உட்காரலாம். பக்கத்து மேசையில் சத்தம் எகிறினால் சண்டை என்று பதற வேண்டாம், சீட்டாட்டமாக இருக்கும். காது குடைபவர் இடுக்கியைத் தட்டிக்கொண்டு வருவார். காதைக் கொடுப்பதற்கு முன் விலையைக் கேளுங்கள்.

பொதுக் கழிவறைக்குக் காகிதம் கொண்டுபோங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் போகவே போகாதீர்கள், தேசிய விடுமுறையில் பாதிச் சீனா பயணத்தில் இருக்கும்.

பாண்டா மையத்துக்கு டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே எடுத்து, காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள். மதியம் தூங்கும் பாண்டாவின் முதுகைப் பார்க்கவும் அதே 55 யுவான்தான்.