ரசிகர் சந்தாவைத் தொடங்குமுன் இசைக்கலைஞர் முடிவு செய்ய வேண்டியவை

தனித்து இயங்கும் இசைக்கலைஞருக்கு, ரசிகர்கள் மாதந்தோறும் நேரடியாகக் கட்டும் ரசிகர் சந்தா நியாயமான ஆதரவாக அமையுமா என்று கேட்டால், அமையும் என்பதே என் பதில். ஆனால் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கியதும் அந்த நியாயம் தானாக வந்துவிடாது. ரசிகருக்கு எதை வாக்களிக்கிறோம், வந்த பணத்தை யார் யாரோடு பங்கிட்டுக்கொள்கிறோம் என்ற இரண்டையும் முதல் சந்தா வருமுன்பே எழுத்தில் வைத்துவிட வேண்டும்.

சந்தாவின் தேவை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்களில் கேட்பவர்கள் கட்டும் பணம், தளத்தின் பங்கு போக, ஒரே தொகுப்பில் சேர்ந்து, பாடல்கள் கேட்கப்பட்ட எண்ணிக்கையின் விகிதப்படி பிரிக்கப்படுகிறது. ஆகவே ஒருவர் மாதம் முழுவதும் உங்கள் பாடல்களை மட்டுமே கேட்டிருந்தாலும், அவர் கட்டியதில் பெரும்பகுதி அவர் கேட்டேயிராத பாடல்களுக்குப் போய்ச் சேர்கிறது. சவுண்ட்கிளவுட் என்ற ஸ்ட்ரீமிங் தளம் 2021-இல், ஒருவரின் பணம் அவர் கேட்ட கலைஞர்களுக்கே சேரும் முறையைக் கொண்டுவந்தது. சந்தா இதையே இடையில் தொகுப்பு எதுவும் இல்லாமல் செய்கிறது. வழக்கமும் பழையதுதான்: 1784-இல் வியன்னாவில் மொட்சார்ட் நடத்திய மூன்று கச்சேரிகளுக்கு 174 பேர் சந்தா கட்டியிருந்தார்கள், அந்தப் பெயர்ப் பட்டியலை அவர் தம் தந்தைக்கு எழுதி அனுப்பினார்.

தொகையை நிர்ணயிக்குமுன் ஒரு தாளில் கழிவுகளைக் கணக்கிடுங்கள். ரசிகர் சந்தாவை வசூலித்துத் தரும் தளமான பேட்ரியான் 2025 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேரும் படைப்பாளிகளிடம் 10 சதவீதம் எடுக்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் இதற்கு மேல் தனி. அது 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வைத்துக்கொண்டால், 5 டாலர் சந்தாவில் உங்கள் கைக்கு வருவது ஏறத்தாழ 4 டாலர் 5 சென்ட். 1 டாலர் சந்தாவிலோ 57 சென்ட்தான். அந்த 30 சென்ட் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் போவதால், மாதம் 5 டாலராக ஆண்டு முழுவதும் கட்டினால் 48 டாலர் 66 சென்ட் மிஞ்சும். அதே 60 டாலரை ஒரே தடவையில் கட்டினால் 51 டாலர் 96 சென்ட் மிஞ்சும். ஆண்டுச் சந்தாவை வைத்து, இந்த வேறுபாட்டில் ஒரு பங்கை ரசிகருக்கே தள்ளுபடியாகத் தாருங்கள். ஐபோன் செயலிக்குள் சேர்பவரின் சந்தாவில் ஆப்பிள் 30 சதவீதம் வரை எடுக்கக்கூடும் என்பதால், உலாவி வழியாகச் சேரும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது வாக்குறுதி. பலரும் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கியிருக்கிறேன். மாதந்தோறும் கையெழுத்திட்ட அஞ்சலட்டை அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். நான்காம் மாதக் கடைசியில், மேசையில் அறுபதுக்கும் மேற்பட்ட உறைகள் கிடக்க, நள்ளிரவில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்ற பாடலின் மெட்டு கைபேசிப் பதிவிலேயே மூன்று வாரமாகத் தூங்கியது. ரசிகர்கள் பணம் கட்டியது அந்தப் பாடலுக்காக. ஆகவே எப்படியும் செய்கிற வேலையையே வாக்களியுங்கள்: ஒத்திகைப் பதிவு, ஒரு பாடலின் முதல் வடிவம், பொதுவெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கேட்கும் உரிமை. கடந்த ஆறு மாதங்களில் உண்மையில் எத்தனை பாடல்களை முடித்தீர்கள் என்று எண்ணி, அதில் பாதியை வாக்களித்தால் போதும். எதுவும் வெளிவராத மாதத்தில் வசூலை நிறுத்திவைக்கும் வசதி தளத்தில் இருந்தால், அதைப் பயன்படுத்துங்கள்.

பங்கீடுதான் எல்லாவற்றிலும் கடினமானது. சந்தாப் பக்கம் பெரும்பாலும் பாடகர் ஒருவரின் பெயரில் இருக்கும். ஆனால் ரசிகர் கேட்பது தாளக்கலைஞரின் கையையும் ஒலிப்பொறியாளரின் காதையும் சேர்த்துத்தான். ஒரு நாள் ஊதியம் பெற்று வாசித்துவிட்டுப் போனவரின் பதிவு, சந்தாதாரர்களுக்கான தொகுப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்து புதியவர்களை ஈர்த்துக்கொண்டே இருக்கிறது. அன்று கொடுத்த ஊதியம் இதற்கும் சேர்த்துத்தான் என்று நாமாக எடுத்துக்கொள்வது சரியல்ல. நான் பின்பற்றும் முறை இது: மாத நிகர வரவில் முதலில் ஒலிப்பதிவுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பங்கை அந்த மாதப் பதிவில் வாசித்தவர்களுக்கும், சிறிய பங்கொன்றைத் தொகுப்பிலுள்ள பழைய பதிவுகளில் வாசித்தவர்களுக்கும் ஒதுக்குகிறேன். விகிதம் குழுவுக்குக் குழு மாறலாம். எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாளும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய கணக்கும் இருந்தே ஆக வேண்டும். பிறர் இயற்றிய பாடலைச் சந்தாதாரருக்கு மட்டும் என்று பதிந்தாலும் உரிமம் பெற வேண்டும். ஒலிப்பதிவு நிறுவனத்தோடு பிரத்தியேக ஒப்பந்தம் இருந்தால் அதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வரவை மிகையாக மதிப்பிட்டுவிடாதீர்கள். மாதந்தோறும் 100-க்கு 5 பேர் விலகினால், இன்று இருக்கும் 200 பேரில் ஓராண்டு கழித்து மிஞ்சுபவர்கள் ஏறத்தாழ 108 பேர். விலகும் பொத்தானைத் தேட வைத்து அவர்களைப் பிடித்து நிறுத்துவது நாணயமாகாது. போகும்போது மனக்கசப்பின்றிப் போகிறவர், அடுத்த தொகுப்பு வெளிவரும்போது திரும்பி வரக்கூடும்.

கடைசியாக, தளத்தை நம்பி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவைக்காதீர்கள். ரசிகர்களிடம் பணம் திரட்டிக் கலைஞர்களுக்குக் கொடுத்துவந்த பிளெட்ஜ்மியூசிக் 2019-இல் மூடப்பட்டபோது, பல கலைஞர்களுக்குச் சேர வேண்டிய தொகை சேரவேயில்லை. வந்த பணத்தை மாதம் தவறாமல் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தொடர்பில் இருக்கச் சம்மதித்த ரசிகர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் அதே நாளில் இறக்கி உங்கள் வசம் பத்திரப்படுத்துங்கள்.