வெளிநாட்டுப் படிப்பு: பணத்தைக் கடைசியில் தேடாதீர்கள்

அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த பிறகு ஸ்காலர்ஷிப் தேடுவதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. அதற்குள் பல உதவித்தொகைகளுக்குக் கெடு முடிந்திருக்கும். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள், படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பித்து முடித்திருக்க வேண்டும். அதனால் முதலில் உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளை எழுதி வைத்துவிட்டு, அப்புறம் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள்.

அமெரிக்காவில் இளநிலை படிக்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல கல்லூரிகளில் நிதியுதவியை முதல் விண்ணப்பத்திலேயே கேட்டாக வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் நான்கு வருடமும் கிடைக்காமல் போகலாம். உதவி கேட்டால் இடம் கிடைக்காதோ என்று பயந்து வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் நிறைய. அந்தப் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை, பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில மட்டும் அதைப் பார்ப்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள். ஃபீஸ் கட்ட முடியாத இடம் கிடைத்து என்ன பயன்?

அடுத்து, விசாவுக்குக் காட்டும் பணம். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் மறுத்துவிடலாம். ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில், அதாவது மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சமாகவே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ போடச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே போனதும் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, வந்து இறங்கிய செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது இது போதாது, அதற்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள். ஜெர்மனியில் படிப்பே இலவசம் என்பதும் முழு உண்மை இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பெரும்பாலான மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகின்றன.

பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாம் என்ற கணக்கை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் வாரத்துக்கு 20 மணி நேரம், முதல் வருடம் பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அது கைகொடுக்கும், ஃபீஸுக்கு எட்டாது.

கடன் வாங்கினால், படிக்கும் காலத்தில் வட்டி ஏறுமா, வட்டி விகிதம் மாறுமா, உங்கள் நாணயம் சரிந்தால் ஃபீஸ் எவ்வளவு கூடும் என்று பாருங்கள்.

ஸ்காலர்ஷிப் கடிதத்தையும் கடைசி வரி வரை படியுங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் தருகிற உதவியை முழுப் படிப்புக்கும் என்று நினைத்துக் கிளம்பி, இரண்டாம் வருடம் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை வருடம், என்ன மதிப்பெண் இருந்தால் தொடரும், பணமாக வருமா அல்லது ஃபீஸில் கழிப்பார்களா என்பதை டெபாசிட் கட்டுவதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.