ஒரே உதை: ரக்பியில் கோல் உதைக்கப் பழகுவது எப்படி

என்னிடம் கோல் உதைக்கக் கற்க வருகிறவர்களை முதல் நாள் பத்து உதை உதைக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பேன். எத்தனை பந்து கம்பங்களுக்கு நடுவே போனது என்று எண்ணுவதில்லை. தவறிய உதைக்கு அடுத்த உதையைத்தான் கவனிக்கிறேன். பந்து இடப்பக்கம் விலகியதும் அடுத்த முறை பந்தைச் சற்றுத் திருப்பி வைப்பார்கள். மறுபடியும் விலகினால் ஓர் அடி கூடுதலாகப் பின்னால் போவார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் இன்னும் பலமாக உதைப்பார்கள். பத்தாவது உதை வருவதற்குள் பத்து விதமாக உதைத்து முடித்திருப்பார்கள். இந்தப் பழக்கத்தை விட எனக்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. விட வைத்தது நீல் ஜென்கின்ஸின் ஆட்ட வாழ்க்கை. அதனால் கற்றுக்கொடுப்பதையும் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஜென்கின்ஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். 1991-இல் இங்கிலாந்துக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம். வேல்ஸின் பழைய நட்சத்திரங்கள் பாரி ஜான், ஃபில் பென்னட் போன்றவர்கள் அணிந்த பத்தாம் எண் சட்டை அவருக்கு வந்தது. அவர்களைப் போல எதிராளிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடும் ஆட்டக்காரர் அல்ல என்று சொந்த நாட்டிலேயே குறை சொன்னார்கள். அவரிடம் இருந்தது ஓர் உதை. அந்த உதையை வைத்து வேல்ஸுக்கு 1,049 புள்ளிகள், பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு 41 புள்ளிகள், மொத்தம் 1,090 சேர்த்தார். சர்வதேச ரக்பியில் ஆயிரம் புள்ளிகளைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான், ஆண்டு 2001. பின்னால் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் அந்த எண்ணிக்கையைக் கடந்தார், அவரை நியூசிலாந்தின் டான் கார்ட்டர் கடந்து 1,598-இல் போய் நின்றார். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய எண் வேறு. 2003-04 பருவத்தில் செல்டிக் வாரியர்ஸ் கிளப்புக்கு ஆடியபோது ஜென்கின்ஸ் தொடர்ச்சியாக 44 உதைகளைத் தவறவிடாமல் அடித்தார். வெவ்வேறு ஆட்டம், வெவ்வேறு காற்று, வெவ்வேறு கோணம். உதை மட்டும் ஒன்றே.

இனி உங்கள் உதையைக் கட்டுவோம்.

முதலில் பந்து. ரக்பி பந்தின் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை 410 முதல் 460 கிராம். காற்றழுத்தம் விதிப்படி சதுர அங்குலத்துக்கு 9.5 முதல் 10 பவுண்டு. காற்று இறங்கிய பந்தில் பழகி ஆட்டத்தில் கெட்டியான பந்தை உதைத்தால் தூரக் கணக்கு எல்லாமே பிசகும். அழுத்தமானி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தாங்கியில் ஏறக்குறைய நேராக, மேல்முனை இலக்கை நோக்கி மிகச் சிறிது சாயும்படி வையுங்கள். உங்கள் பக்கம் தெரியும் தையலை இரு கம்பங்களின் நடுவோடு ஒரே கோட்டில் நிறுத்துங்கள். சாய்வு எவ்வளவு என்பதில் உதைப்பவருக்கு உதைப்பவர் வேறுபாடு உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு மாதம் மாற்றாதீர்கள்.

பிறகு காலடிகள். வலக்காலால் உதைப்பவர் பந்திலிருந்து நேர் பின்னால் நான்கு அடி, அங்கிருந்து இடப்பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்துத் தொடங்கலாம். பழகப் பழக ஓர் அடி கூடலாம், குறையலாம். ஒரு முறை முடிவானதும் அந்த எண்ணிக்கை உங்கள் கையெழுத்தைப் போல ஆகிவிட வேண்டும்.

மிக அதிக நேரம் செலவிட வேண்டியது ஊன்றுகாலில். பெரும்பாலோர் உதைகாலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பந்து எங்கே போகும் என்பதைத் தரையில் ஊன்றி நிற்கும் கால்தான் ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. அது பந்துக்குப் பக்கத்தில், ஒரு பாத நீளம் தள்ளி, விரல்கள் இலக்கைப் பார்த்தபடி ஊன்ற வேண்டும். பந்தை ஒட்டி ஊன்றினால் உதைகால் வீசுவதற்கு இடம் இல்லாமல் உடம்பு முறுக்கிக்கொள்ளும். பின்தங்கி ஊன்றினால் உடம்பு பின்னால் சாய்ந்து பந்து வானத்துக்கு ஏறும், தூரம் போகாது. ஈரமான புல்லில் உதைத்துவிட்டு ஊன்றுகாலின் தடத்தைக் குனிந்து பாருங்கள். குதிகாலின் குழி ஆழமாகவும் முன்பாதத்தின் தடம் லேசாகவும் இருந்தால் நீங்கள் பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள். அடுத்தடுத்து ஐந்து உதைக்குப் பிறகு அங்கே ஐந்து தனித்தனிக் குழிகள் தெரிந்தால் உங்களிடம் ஐந்து உதைகள் இருக்கின்றன. ஒரே குழி ஆழமாகிக்கொண்டே போக வேண்டும். இதைக் காட்டிலும் நேர்மையான பயிற்சியாளரை நான் கண்டதில்லை.

பந்தைத் தொடும் இடம் புறங்காலில், காலணிக் கயிற்று முடிச்சுக்குச் சற்று உட்பக்கம். பெருவிரலுக்கு மேலாக ஓடும் கெட்டியான எலும்பைக் கையால் தடவிப் பார்த்தால் தெரியும். விரல்கள் கீழ் நோக்கி நீண்டு, கணுக்கால் இறுகிப் பூட்டியது போல் இருக்க வேண்டும். பந்தில் படும் இடம் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். சரியாகப் பட்டால் 'தொம்' என்று ஒரு கனத்த ஒலி வரும், காலில் பந்தின் எடையே தெரியாது. 'பட்' என்று அறைந்தது போல் கேட்டால் கணுக்கால் தளர்ந்திருந்தது என்று பொருள். எதிர்க்கையை அகல விரித்து உடம்பின் குறுக்கே கொண்டுவாருங்கள், சமநிலை அங்கிருந்துதான் கிடைக்கிறது. தலை குனிந்தே இருக்கட்டும். பந்து எங்கே போனது என்று பார்க்கும் ஆசையில் தலை உயர்ந்தால் தோள் திறந்துவிடும், தோளோடு இடுப்பும் திரும்பிவிடும்.

இலக்கைச் சிறிதாக்குங்கள். கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 3 மீட்டர். 'அந்த அகலத்துக்குள் எங்கேயாவது' என்று குறி வைத்தால் கால் சோம்பலாகிவிடும். கம்பங்களுக்குப் பின்னால் ஒரு மரக்கிளை, ஓர் இருக்கை, ஒரு விளக்கு என எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். வில்கின்சன் பின்வரிசையில் டோரிஸ் என்ற கற்பனைப் பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அவளைக் குறிபார்த்து உதைத்தார். பெயர் வைக்கும் அளவுக்கு இலக்கு துல்லியமாக வேண்டும்.

தூரத்தை உள்ளிருந்து வெளியே கட்டுங்கள். கம்பங்களுக்கு நேரே 15 மீட்டரில் தொடங்கி, பத்தில் எட்டு உள்ளே போகும்வரை அங்கேயே இருங்கள். பிறகு ஐந்து மீட்டர் பின்னால். பதினாறு வயதுப் பையன்கள் முதல் வாரமே நடுக்கோட்டுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். அது கூடாது. எல்லையைத் தாண்டிய தூரத்தில் கால் தானாகவே வேறொரு உதையை உருவாக்கிக்கொள்கிறது, அந்தக் கெட்ட பழக்கம் 20 மீட்டருக்கும் திரும்பி வருகிறது.

எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது டிரை, ஐந்து புள்ளி. அதையடுத்துக் கிடைக்கும் இரண்டு புள்ளி உதைதான் கன்வர்ஷன். ஓரத்திலிருந்து அதை அடிக்கும்போது ஒரு சலுகை உண்டு. டிரை வைத்த இடத்துக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். மையத்திலிருந்து 30 மீட்டர் பக்கவாட்டில் இருந்தால், 30 மீட்டர் பின்னால் போகும்போதுதான் கோணம் மிக அகலமாகத் தெரியும், ஏறக்குறைய 5.4 பாகை. ஆனால் அங்கிருந்து கம்பங்களுக்கு 42 மீட்டர். பத்து மீட்டர் முன்னால் வந்து 20-இல் நின்றால் தூரம் 36 ஆகக் குறைகிறது, கோணமோ 5 பாகைக்கு வருகிறது. கால்வலிமை குறைந்தவருக்கு இந்தப் பேரம் லாபம். இதைத் தாளில் வரைந்து பார்த்த நாளிலிருந்து ஓர உதைகளின் மேல் எனக்கு இருந்த பயம் பாதியாகிவிட்டது. கம்பங்களுக்கு மிக அருகே டிரை விழுந்தால் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிட்டுப் பந்து குறுக்குக் கம்பத்தைத் தாண்ட ஏறுவதற்குத் தேவையான இடம் விட்டுப் பின்னால் போங்கள்.

பின்னால் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கன்வர்ஷனில் நீங்கள் நகரத் தொடங்கியதுமே எதிரணியினர் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வரலாம். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சின் தாமஸ் ராமோஸ் அடித்த கன்வர்ஷனைத் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே ஓடிவந்து தடுத்துவிட்டார். முடிவு 29-28, பிரான்ஸ் வெளியேறியது. தொடங்கும் முன் உடம்பை ஆட்டும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். நேரமும் குறைவு. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் மூன்று புள்ளி உதையான பெனால்டிக்கு 60 வினாடி. கன்வர்ஷனுக்கு முன்பு இருந்த 90 வினாடியையும் 2024-இல் 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். பந்தை வைப்பது முதல் உதைப்பது வரை உங்கள் முறை 40 வினாடிக்குள் முடிய வேண்டும்.

உதைகளின் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 30 போதும், அதுவும் கவட்டுத் தசைகளை நன்றாகச் சூடாக்கிய பிறகு. 2011 உலகக் கோப்பையின்போது டான் கார்ட்டர் வெலிங்டனில் கோல் உதைப் பயிற்சியில்தான் அந்தத் தசையைக் கிழித்துக்கொண்டார். சொந்த நாட்டில் நடந்த இறுதிப்போட்டியில் அவரால் ஆட முடியவில்லை. முப்பதில் பத்தையாவது மூச்சு வாங்கும்போது உதையுங்கள். மைதான நீளத்துக்கு ஓடிவிட்டு உடனே பந்தை வையுங்கள். ஆட்டத்தில் ஓய்வெடுத்த உடம்போடு யாரும் உதைப்பதில்லை.

தவறிய உதைக்கு வருகிறேன். என் ஆட்டம் ஒன்றில் முதல் இரண்டு உதைகள் இடப்பக்கம் விலகின. கடைசி நிமிடத்தில் ஒரு கன்வர்ஷன் கிடைத்தது. இம்முறை ஈடுகட்டிவிடலாம் என்று ஊன்றுகாலைச் சற்று வலப்புறம் திருப்பினேன். பந்து வலக் கம்பத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் போனது, ஒரு புள்ளியில் தோற்றோம். வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தபோது முதல் இரண்டும் காற்றில் விலகியவை என்று புரிந்தது. கம்பத்தின் உச்சியில் இருந்த கொடிகள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன, நான் தரையில் புல்லைத் தூவிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். இலக்கை நகர்த்தியிருந்தால் போதும், காலைத் தொட்டிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் ஜென்கின்ஸின் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தேன். 1997, டர்பன், லயன்ஸின் இரண்டாவது டெஸ்ட். தென்னாப்பிரிக்கா மூன்று டிரை வைத்தது, ஒன்றுக்குக்கூட கன்வர்ஷன் கிடைக்கவில்லை. லயன்ஸ் ஒரு டிரைகூட வைக்கவில்லை. ஜென்கின்ஸ் ஐந்து பெனால்டியையும் அடித்தார், ஜெரமி கஸ்காட்டின் டிராப் கோல் (ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விழவிட்டு உதைக்கும் மூன்று புள்ளி கோல்) சேர்ந்து 18-15. 1999, வெம்பிளி. வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்து 31-25 என்று முன்னிலை. கடைசி நேரத்தில் வேல்ஸின் ஸ்காட் கிப்ஸ் டிரை வைக்கிறார். ஜென்கின்ஸ் அன்று ஏற்கெனவே ஆறு பெனால்டியும் ஒரு கன்வர்ஷனும் அடித்திருந்தார். இந்த உதையை அவர் செய்வதையும் முதல் உதையைச் செய்ததையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். எது ஆட்டத்தை முடிவு செய்யும் உதை என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. 32-31.

விளையாடுவதை நிறுத்திய பிறகு அவர் உதைப் பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற லீ ஹாஃப்பென்னி 2011 உலகக் கோப்பை அரையிறுதியில் நெடுந்தூரத்திலிருந்து அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுக் கீழே விழுந்தது, வேல்ஸ் 9-8 என்று பிரான்சிடம் தோற்றது. இரண்டு ஆண்டு கழித்து லயன்ஸின் ஆஸ்திரேலியத் தொடரில் அதே ஹாஃப்பென்னி 49 புள்ளிகள் எடுத்தார். முறியடிக்கப்பட்ட சாதனை, 1997-இல் ஜென்கின்ஸ் எடுத்த 41.

உங்கள் பையில் ஒரு சிறு நோட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு உதைக்கும் தூரம், பக்கம், காற்று, முடிவு என நான்கே குறிப்புகள். இருநூறு உதை சேரும்வரை எதையும் மாற்றாதீர்கள். சேர்ந்ததும் தவறியவற்றை மட்டும் தனியே எண்ணுங்கள். பாதிக்கு மேல் ஒரே பக்கம் விலகியிருந்தால், அப்போது ஊன்றுகாலின் குழியைப் பார்த்து ஒன்றை மட்டும் திருத்துங்கள். அடுத்த பக்கத்தில் தேதியைப் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.