கையெழுத்துக்கு மட்டும் ஊரைக் கூப்பிடாதீர்கள்: ஊராட்சித் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்கு என்ன வேலை, எந்தப் பணத்தில் என்று ஊராட்சியும் மக்களும் சேர்ந்து முடிவு செய்யும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பல ஊர்களில் அது அலுவலக மேசையில் தயாராகி, கிராம சபை நாளில்தான் மக்கள் கண்ணில் படுகிறது.

இதற்கு முதல் காரணம் 'கோரம்' பயம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். தமிழ்நாட்டில் 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். உடனே நூறு நாள் வேலை ஆட்களை மொத்தமாக அழைத்து வந்து உட்கார வைப்பது பழகிவிட்டது. தலைக்கணக்கு சரியாகிவிடும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அத்தனை பேர் முன்னால், அதுவும் ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கும்போது, காலனிப் பெண் எழுந்து தண்ணீர் வரவில்லை என்று சொல்வாரா?

அதனால் பேச்சைக் குக்கிராமங்களில், சில வாரங்கள் முன்பே தொடங்குங்கள். தெருவில் கோலமாவால் ஊர் வரைபடம் போடச் சொன்னால் போதும். எல்லா வீட்டுக்கும் குடிநீர் இணைப்பு என்று பதிவேடு சொல்லும். வரைபடத்தில் கடைசி நாலு வீட்டுக் குழாய்மேல் பெண்கள் கல்லை வைப்பார்கள்: இங்கே வருவது காற்றுதான்! கேரளத்தில் 1996-ல் தொடங்கிய, மக்களே ஊர்த் திட்டம் போடும் 'மக்கள் திட்ட'த்திலும் கிராம சபையைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்துத்தான் பேச வைத்தார்கள்.

பணக் கணக்கை மறைப்பது அடுத்த தவறு. 2021–26 காலத்துக்கு மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவிட முடிந்தது. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை முதலிலேயே சொல்லாவிட்டால் சமுதாயக்கூடம், பேவர் பிளாக் சாலை என்று பட்டியல் நீளும். பிறகு ஓசையில்லாமல் பாதி காணாமல் போகும், அடுத்த முறை யாரும் கேட்க வர மாட்டார்கள். விடுபட்டது எது, ஏன் என்று அடுத்த கூட்டத்தில் வாசித்தே ஆக வேண்டும்.

மகளிர் குழுக்கள் தயாரிக்கும் வறுமைக் குறைப்புத் திட்டத்தைப் பின்னிணைப்பாகத் தைத்துவிட்டு மறப்பதும் உண்டு. அதிலுள்ள வேலைகள் பிரதானப் பட்டியலுக்குள் வர வேண்டும்.

தீர்மானப் புத்தகம் தனிக் கதை. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்ளும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். எழுதி, உரக்க வாசித்து, அதன்பிறகே கையெழுத்து. அன்றே அந்தப் பக்கத்தை ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டு கலையுங்கள்.