ஏலக்காட்டு வீட்டுக்குத் துப்பாக்கி: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும்

காய் எடுப்பு தொடங்கினால் போதும், போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ யாராவது ஒருத்தர் போன் செய்து, "அண்ணே, தோட்டத்து வீட்டுக்கு ஒரு துப்பாக்கி எடுக்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்டுவிடுகிறார். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாயைத் தொட்டதிலிருந்து இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகம்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. ராத்திரி அந்த வீட்டில் படுக்கப் போவது யார்?

ஏன் என்றால் லைசென்ஸ் வீட்டுக்குக் கிடையாது, ஆளுக்குத்தான். நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் போடியில் கடையில் இருந்துகொண்டு, மேலே இடுக்கி மலைத் தோட்டத்தில் வீட்டுக்காரம்மாவும் கணக்குப்பிள்ளையும்தான் இருக்கிறார்கள் என்றால், உங்கள் பெயரில் உள்ள துப்பாக்கியை அவர்கள் கையில் எடுத்தாலே வம்பு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. ஆகவே அங்கே தங்குபவர் யாரோ அவர் பெயரில் விண்ணப்பியுங்கள், அவர்தான் பயிற்சிக்கும் போக வேண்டும். அவருக்கு மனசில்லை என்றால் துப்பாக்கிப் பேச்சை விட்டுவிட்டு இரண்டு நல்ல நாய், முற்றத்தில் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு, பின்கதவுக்கு உள்பக்கம் இரும்புக் குறுக்குப்பட்டை, இதற்குச் செலவு செய்யுங்கள். துப்பாக்கி வாங்குபவர்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். நாய் கொடுக்கும் இரண்டு நிமிடம் இல்லாமல் பெட்டியில் பூட்டி வைத்த துப்பாக்கியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, தீர்மானித்துவிட்டீர்கள். 21 வயது முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், வசிக்கும் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். மேலே கேரளப் பக்கம் குடியிருப்பவருக்குப் பைனாவு (இடுக்கி கலெக்டர் அலுவலகம் அங்கேதான்), கீழே தமிழ்நாட்டுப் பக்கம் குடியிருப்பவருக்குத் தேனி. போலீஸ் விசாரணை, மனநலம் உட்பட டாக்டர் சான்று, பத்திரமாக வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும், பொறுமை வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது, லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும்.

எங்கள் ஊர்க்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். லைசென்சில் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். அதில் கேரளம் மட்டும் என்று இருந்து, நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கியை ஜீப்பில் வைத்துக்கொண்டு போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு வருவதற்குள் நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள். கம்பம்மெட்டிலும் குமுளியிலும் இதே கதைதான். தோட்டம் மேலே, வீடு கீழே என்றால் இரண்டுக்குமான காகிதங்களை வைத்து, விண்ணப்பிக்கும்போதே இரண்டு மாநிலத்துக்கும் செல்லும்படி காரணத்தோடு கேளுங்கள். அப்புறம் வழி. சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது, உங்களிடம் என்ன லைசென்ஸ் இருந்தாலும் சரி. பூப்பாறைப் பக்கம் இருப்பவர்கள் மதிகெட்டான் சோலை எல்லை எங்கே ஓடுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்தத் துப்பாக்கி. என் பதில் 12 போர் (போர் என்பது குழலின் அளவு) இரட்டைக்குழல். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே சுழல் வரி இல்லாமல் வழுவழுப்பான துப்பாக்கியைத் தற்காப்புக்கு என்று கேட்டால் ஒரு மாதிரியும், ரிவால்வர், ரைபிள் என்று கேட்டால் இன்னொரு மாதிரியும் பேசும். இரண்டாவது வகைக்கு, தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். அது போக, இரட்டைக்குழலை மடக்கித் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும், தூக்கக் கலக்கத்தில் இதைவிடப் பெரிய வசதி வேறு கிடையாது. ஒற்றைக்குழல் மலிவு, எடையும் குறைவு, ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். பம்ப் ஆக்‌ஷன் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) நல்லதுதான், பதற்றத்தில் பாதி இழுத்துவிட்டுத் தோட்டா சிக்கிக்கொள்ளாத அளவுக்குக் கை பழகியிருக்க வேண்டும். .32 ரிவால்வரைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. குட்டைக் குழல், ஒற்றைப் பிடி, பயிற்சி இல்லாதவன் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவனைக்கூட அதால் அடிக்க மாட்டான், ஆனால் பீரோவிலிருந்து காணாமல் போவதும் பிள்ளைகள் கையில் சிக்குவதும் அதுதான். .315 ரைபிள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதன் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும், நம் மலைச் சரிவில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறது.

யானைக்கு என்று கேட்பவர்களும் உண்டு. அரிக்கொம்பன் யானையை 2023-இல் பிடித்ததே மயக்க ஊசிக்காரர்களும் கும்கிகளும் சேர்ந்துதான். நீங்கள் ரவையை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டு) போட்டு அதைக் கோபப்படுத்துவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது, கேஸ் வேறு. காட்டுப்பன்றி விஷயம் தனி, கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சுட உத்தரவு கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது, அந்த வழியில்தான் போக வேண்டும்.

தாத்தா காலத்து இங்கிலீஷ் துப்பாக்கி பரணில் இருக்கிறது, அதையே என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டியது. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடித்ததும் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் வெளிப்பக்கம் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாக இருந்தால் அது கருமருந்து காலத்துக் குழல், இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு தோட்டாகூட வெடிக்காதீர்கள்.

தோட்டா வாங்கும்போது எல்லோரும் எல்ஜி, எஸ்ஜி என்று பெரிய ரவையாகக் கேட்பார்கள். எஸ்ஜி ரவை ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல், அது பலகைச் சுவரையும் தகரத்தையும் சும்மா காகிதம் மாதிரி துளைத்துக்கொண்டு போகும். உங்கள் பங்களா கருங்கல்லாக இருக்கலாம், இருபதடி தள்ளி லயத்தில் பிள்ளைகள் தூங்குவது தகரத்துக்குப் பின்னால். வீட்டுக்குள் மட்டும் என்றால் 4-ஆம் நம்பர் போன்ற சிறிய ரவை போதும், அறை தூரத்தில் அதுவே பயங்கரம். இன்னொரு கட்டுக்கதை, ரவை பரவும், குறி பார்க்க வேண்டாம் என்பது. ஐந்து மீட்டரில் அது உங்கள் உள்ளங்கை அகலத்துக்குமேல் பெரிதாகப் பரவாது. குறி பார்த்தே ஆக வேண்டும்.

பயிற்சிக்கு எங்கே போவது? கேரளப் போலீஸ் 2022 முதல் லைசென்ஸ்காரர்களுக்கும் விண்ணப்பித்தவர்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிறது, கீழே மதுரையிலும் கோவையிலும் ரைபிள் கிளப் இருக்கிறது. தோட்டத்து ஓடையில் நின்று சுட்டுப் பழகுகிறேன் என்று கிளம்பாதீர்கள். முதல் நாள் லேசான தோட்டாவாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று கிலோ துப்பாக்கியைத் தோளிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தால் நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க சுடும் முன்பே கண்ணை மூடுவீர்கள். பின்கட்டை தோள் குழியில் இறுக்கமாக, கன்னம் கட்டைமேல், உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து. சுடத் தீர்மானிக்கும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. குழல் எப்போதும் யாரும் இல்லாத பக்கம், காலியாக இருந்தாலும். சார்ட் பேப்பரை 5, 10, 15 மீட்டரில் வைத்து, உங்கள் துப்பாக்கியில் உங்கள் தோட்டா எப்படிப் பரவுகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.

ஆனால் கை பழகுவது வீட்டில்தான். தோட்டா எல்லாம் வேறு அறையில் பூட்டி, குழலை இரண்டு முறை பார்த்து, டம்மித் தோட்டா போட்டு, வெளிக் கல் சுவரைப் பார்த்து. வாரத்துக்கு மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம். பிறகு அதையே விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து, மடக்கி, இரண்டு போட்டு, மூடி, சேஃப்டி பூட்டு விரலுக்குச் சிக்குகிறதா என்று. முதல் தடவை எனக்குச் சாவித் துவாரமே கிடைக்கவில்லை.

ராத்திரி சத்தம் கேட்டால் வெளியே போகாதீர்கள். ஒரு மழை நாளில் இரண்டு மணிக்கு நாய் குரைத்து நான் போனேன், டார்ச்சை அடிக்காமல், குழலை நீட்டிக்கொண்டு, காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கமாக. தராசுக்குப் பின்னால் குனிந்திருந்த ஆள் என் மச்சான். ஜீப் மலைப்பாதையில் படுத்துவிட்டது, போனில் சார்ஜ் இல்லை, பின்கதவுச் சாவி தராசுக்கு அடியில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு விரல் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டு முறை மாறிவிட்டது. எல்லோரும் ஒரே அறைக்கு, கதவைத் தாழ் போட்டு, கட்டிலுக்குப் பின்னால், ஒருத்தர் போனில். எல்லையில் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் 112 போக நம் ஸ்டேஷனின் நேரடி எண்ணும் சுவரில் எழுதியிருக்கிறது. உள்ளிருந்து சத்தம் கொடுப்போம், துப்பாக்கி இருக்கிறது, போலீஸ் வருகிறது என்று, தமிழில் ஒரு தடவை மலையாளத்தில் ஒரு தடவை. கள்ளன் எந்தப் பக்கத்துக்காரன் என்று நமக்கு எப்படித் தெரியும்? முகம் தெரியாத எதையும் குறி பார்ப்பதில்லை.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்புப் பிரிவுகள். சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைபவனை எதிர்க்கும் உரிமை, 41-வது பிரிவின்படி, தேவைப்பட்டால் உயிர் போகும் அளவுக்குக்கூடப் போகலாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது, போலீசைக் கூப்பிட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்று 37 சொல்கிறது. பச்சைக்காய்ச் சரத்தை அறுத்து மூட்டையாக்கித் தூக்கிக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளி, மூட்டை எத்தனை லட்சமானாலும்.

வைப்பது பற்றி. துப்பாக்கி காலியாக ஒரு இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், இரண்டு சாவியும் ஒரே ஆளிடம். ஜூன் தொடங்கி இங்கே பெய்கிற மழைக்கு இரும்பு ஒரு வாரத்தில் துருப் பூத்துவிடும், தோல் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை குழலுக்குள் கோல் போட்டுத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரம் ஆகாது என்று காய் உலர்த்தும் ஸ்டோர் பரணில் தோட்டாவை வைத்த ஒரு புத்திசாலியை எனக்குத் தெரியும், கீழே அடுப்பு எரிகிறது, மேலே வெடிமருந்து.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம், ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ கொடுக்கலாம். கொடுக்கும்போது எண்ணெய் பூசிக் கொடுங்கள், துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் ரசீதில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். நான் ஒரு தடவை பார்க்காமல் வந்து, நாலு தோட்டாவுக்குக் கணக்குச் சொல்ல மூன்று முறை மலை ஏறி இறங்கினேன்.